குழந்தையை அளக்கக் கிளம்பியிருப்பவர்களுக்கு



டேப்பில் படம் காட்டி மூன்று வயது, நான்கு வயதுப் பிள்ளைகளின் வளர்ச்சியை அளக்கும் தேர்வுகளை எழுதுகிற மென்பொருள் வல்லுநர்களே, அதற்குக் கணக்குப் போட்டுத் தருகிற ஆய்வாளர்களே, அதை வாங்கலாமா என்று கோப்பு நகர்த்துகிற அலுவலர்களே, எங்கள் நர்சரியில் இது இருக்கிறது என்று விளம்பரம் செய்ய ஆசைப்படும் பள்ளி நிர்வாகிகளே, உங்கள் எல்லோருக்கும் சேர்த்துத்தான் இந்த மடல். நான் பேச்சுப் பயிற்சி தருபவள். பேச்சு வரவில்லை, கூப்பிட்டால் திரும்பவில்லை, மற்ற பிள்ளைகளைப் போல இல்லை என்று கூட்டிவரப்படும் சின்னப் பிள்ளைகளோடுதான் என் பகல் முழுவதும் போகிறது. நீங்கள் அளந்து அனுப்புகிற பிள்ளைகள் கடைசியில் வந்து உட்காருவது என் எதிரில் விரித்திருக்கும் பாயில். அதனால் உங்களிடம் நேராகவே பேசுகிறேன்.

உங்கள் கருவி வேண்டாம் என்று சொல்ல இதை எழுதவில்லை. அதன் அருமை என் போன்றவர்களுக்கு நன்றாகத் தெரியும். ஒரு குழந்தையின் வளர்ச்சியைப் பழைய முறையில் முழுதாக மதிப்பிட வேண்டுமானால் பயிற்சி பெற்ற ஆள் வேண்டும். கட்டைகள், மணிகள், படப்புத்தகம் அடங்கிய பெட்டி வேண்டும். தனி அறையும் ஒரு மணி நேரத்துக்குக் குறையாத பொழுதும் வேண்டும். முக்கால் மணி ஆவதற்குள் பிள்ளை அம்மாவின் முந்தானைக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு வருகிற விடையெல்லாம் களைப்பு சொல்கிற விடை. இப்படி எத்தனை பேரைப் பார்த்துவிட முடியும்? தமிழ்நாட்டில் 54,000-க்கும் அதிகமான அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன. மாவட்டத் தலைநகரில் இருக்கும் சில நிபுணர்களை நம்பி அத்தனை பிள்ளைகளையும் விட்டுவிட முடியாது.

உங்கள் தேர்வு எல்லாப் பிள்ளையிடமும் எல்லாக் கேள்வியையும் கேட்பதில்லை. வயதுக்கேற்ற ஒரு நடுத்தரக் கேள்வியில் தொடங்குகிறது. சரியாகத் தொட்டால் அடுத்தது கொஞ்சம் கடினமாக வருகிறது, தவறினால் கொஞ்சம் எளிதாக வருகிறது. இப்படி ஏறி இறங்கிச் சில நிமிடங்களில் பிள்ளை நிற்கும் இடத்தை நெருங்கிவிடுகிறது. ஒவ்வொரு விடைக்குப் பிறகும், பிள்ளை எங்கே இருக்கிறாள் என்ற ஊகமும், அந்த ஊகம் எவ்வளவு பிசகலாம் என்ற கணக்கும் உள்ளே திருத்தப்படுகின்றன. ஆறு மாதம் கழித்துத் திரும்பச் செய்தால் அதே கேள்விகள் வராது. அளவுகோல் மட்டும் மாறாமல் இருக்கும். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாமல், போன தையில் இருந்த இதே பிள்ளை இந்த ஆடிக்குள் எவ்வளவு தூரம் வந்திருக்கிறாள் என்று சொல்லக்கூடிய கருவி எனக்குப் பெரிய துணை. ஹரியானாவின் கிராமங்களில் 'சங்காத்' தொண்டு நிறுவனத்தின் ஆய்வாளர்கள், பள்ளிக்குப் போகாத வயதுப் பிள்ளைகளின் கையில் டேப் விளையாட்டைக் கொடுத்து, நிபுணர்கள் இல்லாமலே களப்பணியாளர்களைக் கொண்டு அறிதிறனை அளக்க முடியுமா என்று பார்த்தார்கள். பிள்ளைகள் விருப்பத்தோடு விளையாடினார்கள். நம் நாட்டிலேயே, மின்சாரம் விட்டு விட்டு வரும் ஊர்களிலேயே இது நடக்கக்கூடிய காரியம் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

என் கவலை அளந்த பிறகு நடப்பதைப் பற்றியது. ஒரு பிள்ளையின் கதையைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன்.

நான்கு வயதுப் பெண் குழந்தை. எங்கோ நடந்த ஒரு சோதனை ஓட்டத்தில் டேப்பில் தேர்வு வைத்திருக்கிறார்கள். அம்மா கையில் மடித்து மடித்து நைந்துபோன ஒரு தாள். அதில் சிவப்புக் கட்டத்தில் 'மொழி வளர்ச்சி: தாமதம்' என்றும் பக்கத்தில் ஒரு எண்ணும் இருந்தன. "மார்க் கம்மிங்களா மேடம்? ஃபெயிலுன்னு அர்த்தமா?" என்று கேட்டார். வீட்டுக்காரரிடம் எப்படிச் சொல்வது என்று பல நாள் தூங்கவில்லையாம். பிள்ளையை மடியில் வைத்துப் பேசிக்கொண்டிருந்தபோதே தெரிந்தது. என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது கேட்டதற்கெல்லாம் பதில் சொல்கிறாள். பின்னால் போய்ப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை. இடது காதில் பஞ்சு. பஞ்சை எடுத்தால் சீழ் வாடை. சளி பிடிக்கும்போதெல்லாம் காது வடியும் என்றும், தானே சரியாகிவிடும் என்று விட்டுவிட்டதாகவும் அம்மா சொன்னார்.

அந்தத் தேர்வில் என்ன நடந்திருக்கும் என்று உங்களுக்கே விளங்கும். டேப்பின் சின்ன ஒலிபெருக்கியிலிருந்து பதிவு செய்த குரல் 'குடை எங்கே, தொடு' என்கிறது. பக்கத்தில் முப்பது பிள்ளைகளின் சத்தம். குடை அவள் காதில் விழவில்லை. ஏதோ ஒன்றைத் தொடுகிறாள். தவறு என்று குறித்துக்கொண்டு எளிய கேள்விக்கு இறங்குகிறது கருவி. அதுவும் காதில் விழவில்லை, மறுபடி இறங்குகிறது. இரண்டு நிமிடத்தில் அவளை அடியில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, போதுமான உறுதியோடு கண்டுபிடித்துவிட்டேன் என்று தேர்வை முடித்துக்கொள்கிறது. நேரத்தை மிச்சப்படுத்துவதற்காக நீங்கள் வைத்த ஏற்பாடே அவளுக்கு எதிராகப் போய்விட்டது. கண்ணால் பார்த்துச் செய்கிற கடினமான கேள்வி ஒன்று அவள் முன் வந்திருந்தால் சட்டென்று செய்து முடித்திருப்பாள். அவள் புத்திசாலி. அந்தக் கேள்வி வரவே இல்லை.

பிறகு அந்த மையத்துப் பணியாளரோடு போனில் பேசினேன். "அவ எப்பவும் எம்பக்கத்துலதான் மேடம் உக்காருவா. என் வாயையே பாத்துக்கிட்டு இருப்பா. பின்னாடி உக்காரவெச்சா பாட்டுக்குக் கை தட்ட மாட்டா" என்றார். இதை ஏன் எழுதவில்லை என்று கேட்டேன். "எழுதறதுக்கு அதுல எடமே இல்லியே மேடம். முடிஞ்சதும் அதுவா கலர் காட்டுச்சு, நான் சேவ் பண்ணேன்."

இந்தப் பதிலைத்தான் உங்கள் முன் வைக்க வேண்டும் என்று தோன்றியது. அந்தப் பணியாளர் கண்டதுதான் சரியான நோய்க்குறி. ஒரு காது மருத்துவருக்கு அந்த மூன்று வாக்கியங்கள் போதும். உங்கள் திரையில் அவற்றுக்கு ஒரு பெட்டி இருந்திருந்தால், அந்தத் தாய் அத்தனை நாள் தூக்கத்தைத் தொலைத்திருக்க மாட்டார். பேச்சுக் கேள்விகளில் தொடர்ந்து இறங்கும் பிள்ளைக்கு முதலில் செவித்திறனைப் பாருங்கள் என்று ஒரு வரி தானாக வரும்படி செய்வது உங்களுக்குக் கடினமான வேலையா? விடைகள் வழக்கத்துக்கு மாறான வரிசையில் வந்தால் கண்டுபிடிக்கும் கணக்குமுறை உங்கள் துறையில் பல காலமாக இருக்கிறது. அதை ஆய்வுக் கட்டுரைக்கு மட்டும் பயன்படுத்தாமல் திரைக்குக் கொண்டுவாருங்கள். 'இந்தப் பிள்ளையின் விடைகளை வைத்து என்னால் சொல்ல முடியவில்லை, பெரியவர் ஒருவர் பார்க்கட்டும்' என்று கருவி சொல்லக் கற்றுக்கொள்ளட்டும்.

இன்னொன்று, தோற்பதைப் பற்றி. ஒரு பிள்ளை சரியாகச் செய்யவும் தவறவும் சம வாய்ப்புள்ள கேள்விதான் அவளைப் பற்றி அதிகத் தகவல் தரும். அதனால் அப்படிப்பட்ட கேள்வியையே கருவி தேடிப் போகும். கணக்குக்கு அது சரி. ஆனால் கேட்கிற கேள்வியில் பாதிக்குப் பாதி தவறினால் நான்கு வயதுப் பிள்ளை என்ன செய்யும்? கையை இழுத்துக்கொள்ளும். மூத்திரம் வருகிறது என்னும். எதைக் கேட்டாலும் ஒரே மூலையைத் தொட்டுக்கொண்டிருக்கும். ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் பிள்ளைகளின் கணக்குத் திறனுக்காக 'ரேகன்டவுன்' என்ற கணினித் தோட்டத்தை உருவாக்கியவர்கள் இதை யோசித்திருக்கிறார்கள். சதுரங்க ஆட்டக்காரர்களுக்கு எலோ புள்ளி ஏறி இறங்குவது போலவே அதில் பிள்ளைக்கும் புள்ளி, கேள்விக்கும் புள்ளி. ஆனால் நாலில் மூன்று சரியாக வரும் அளவுக்கே கேள்வி பொறுக்கப்படுகிறது. கொஞ்சம் கூடுதலாகக் கேள்வி கேட்க வேண்டிவரும். துல்லியம் கொஞ்சம் தாமதமாகக் கிடைக்கும். பிள்ளை திரும்ப வந்து உட்காரும். அந்தப் பேரத்தை நீங்களும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

ஸ்காட்லாந்தில் நடந்ததையும் நினைவில் வையுங்கள். 2017-ல் அங்கே முதல் வகுப்பில் சேர்ந்த ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கும் விடைக்கேற்ப மாறும் கணினித் தேர்வு கொண்டுவந்தார்கள். தேர்ச்சி, தோல்வி கிடையாது, ஆசிரியருக்கு உதவத்தான் என்றார்கள். பிள்ளைகள் அழுகிறார்கள் என்று ஆசிரியர்கள் சொன்னார்கள். விளையாடும் வயதில் தேர்வா என்று பெற்றோர் கேட்டார்கள். 2018 செப்டம்பரில் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் 63-க்கு 61 என்ற வாக்கில் முதல் வகுப்புத் தேர்வை நிறுத்தச் சொன்னது. அரசு நிறுத்தாமல், தனியாக ஒரு ஆய்வுக்கு ஏற்பாடு செய்தது. மாற்றங்களோடு தொடரலாம் என்று 2019-ல் அந்த அறிக்கை சொன்னது. யார் பக்கம் நியாயம் என்ற வழக்குக்குள் நான் போகவில்லை. பிள்ளைகளை உட்காரவைத்த பிறகு தொடங்கிய பேச்சு, உட்காரவைப்பதற்கு முன்பே நடந்திருக்க வேண்டியது. நம் ஊரில் அந்தப் பேச்சுக்கு இன்னும் நேரம் இருக்கிறது.

நேரம் அதிகம் இல்லை என்பதும் தெரிகிறது. 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, மாணவரின் வளர்ச்சியைப் பள்ளிக் காலம் முழுக்கப் பின்தொடர செயற்கை நுண்ணறிவு மென்பொருளைப் பயன்படுத்தலாம் என்கிறது. நம் மாநிலத்தில் 2022-ல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துக் கற்பிக்கிறார்கள். மதிப்பீடு செயலிக்குள் போகிறது. பதிவேற்றும் வேலை பாடம் நடத்தும் நேரத்தைத் தின்கிறது என்று ஆசிரியர் சங்கங்கள் குரல் கொடுத்ததை நீங்களும் கேட்டிருப்பீர்கள். அங்கன்வாடிப் பணியாளர்களின் போனில் ஏற்கெனவே போஷன் டிராக்கர் என்ற ஊட்டச்சத்துப் பதிவுச் செயலி இருக்கிறது. அதே கைகளில்தான் நாளை உங்கள் டேப்பும் வந்து சேரப்போகிறது.

இந்த வகைத் தேர்வின் மூதாதையையும் ஒருமுறை நினைத்துப் பார்க்கச் சொல்கிறேன். 1905-ல் பாரிஸில் ஆல்ஃபிரெட் பினேயும் தியோடோர் சிமோனும் உருவாக்கிய சோதனை வளர்ந்து, பிள்ளையின் வயதுக்கேற்ற இடத்தில் தொடங்கி விடையைப் பார்த்து மேலும் கீழும் போகும் முறையாயிற்று. கணினி வருவதற்கு வெகுகாலம் முன்பே நடந்தது இது. வகுப்பில் திணறும் பிள்ளைகளைக் கண்டுபிடித்துத் தனிக்கவனம் கொடுப்பதற்காகத்தான் பினே அதைச் செய்தார். ஒருவரின் அறிவு இவ்வளவுதான், மாறாது என்று பேசியவர்களை அவர் கடுமையாக எதிர்த்தவர். 1911-ல் இறந்துபோனார். 1913-லேயே அமெரிக்காவின் எல்லிஸ் தீவில் கப்பலிலிருந்து இறங்கிய ஏழைக் குடியேறிகளுக்கு ஹென்றி கோடார்டின் ஆட்கள் அந்தச் சோதனையை வைத்து, மந்தபுத்தி என்று முத்திரை குத்தினார்கள். உதவிக்காகப் பிறந்த கருவி சல்லடையாக மாற அவ்வளவு காலம்தான் பிடித்தது. உங்கள் நோக்கத்தை நான் சந்தேகிக்கவில்லை. நோக்கம் உங்களோடு இருக்கும். கருவி உங்கள் கையை விட்டுப் போய்விடும். அதனால் அது எதற்குப் பயன்படக் கூடாது என்பதை விற்பதற்கு முன்பே எழுதிவையுங்கள்.

நர்சரிப் பள்ளி நிர்வாகிகளே, இது குறிப்பாக உங்களுக்கு. பள்ளியில் சேர்க்கும்போது பிள்ளையையோ பெற்றோரையோ சோதித்துத் தேர்ந்தெடுப்பதைக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு தடை செய்கிறது. டேப்பில் விளையாட்டு போலக் காட்டி அதே வடிகட்டலைச் செய்தாலும் அது வடிகட்டல்தான். எல்.கே.ஜி. வாசலில் இந்தக் கருவியை வைக்காதீர்கள்.

அடுத்து, கேள்விகள் எங்கிருந்து வருகின்றன என்பது. ஒவ்வொரு கேள்வியும் எவ்வளவு கடினம் என்று தெரிய, நூற்றுக்கணக்கான பிள்ளைகளிடம் அதைக் கேட்டுப் பார்த்திருக்க வேண்டும். யாருடைய பிள்ளைகளிடம் கேட்டீர்கள்? ஓசூர் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளை, மதுரையில் சௌராஷ்டிரம் பேசும் பிள்ளை, நீலகிரியில் படுகு பேசும் பிள்ளை, திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்களின் பிள்ளை என்று எல்லோரும் ஒரே அங்கன்வாடியின் சுவரோரம் உட்கார்ந்திருக்கலாம். அவர்களில் பலருக்குச் சொல் தெரியும். உங்கள் பதிவுக்குரல் சொல்லும் சொல் மட்டும் தெரியாது. 'போனைத் தொட்டா அடிப்பேன்' என்று கேட்டு வளர்ந்த பிள்ளை திரையில் விரலை வைக்கவே தயங்கும். நாள் முழுக்க போனில் படம் பார்க்கும் பிள்ளை கேள்வியைக் கேட்காமலே தள்ளிவிட்டுக்கொண்டு போகும். இரண்டு பேருக்கும் தவறு என்றுதான் பதிவாகும். கணக்கில் சேராத பழக்க விளையாட்டு ஒன்று முதலில் வேண்டும். தாய்மொழி வேறாக உள்ள பிள்ளைகளின் மொழி எண்ணை வெளியிடவே கூடாது. இதையெல்லாம் சரிபார்த்த விவரத்தை, எந்த மாவட்டத்தில் எத்தனை பிள்ளைகளிடம் என்பது உட்பட, எல்லோரும் படிக்கும்படி வெளியிடுங்கள்.

இனி நான் கேட்க வந்ததற்கு வருகிறேன்.

1980-ல் உலக வங்கியின் கடனுதவியோடு நம் மாநிலத்தில் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியது. உங்களில் வயதானவர்களுக்கு நினைவிருக்கும். 6 மாதம் முதல் 36 மாதம் வரையுள்ள பிள்ளைகளை ஊர் ஊராக, மாதம் தவறாமல் எடைபோட்டார்கள். எடைக்கோடு ஏறாமல் படுத்துவிட்ட பிள்ளைக்கு அதே ஊரில், அதே மையத்தில் 90 நாள் சத்துருண்டை கொடுத்தார்கள். எடை ஏறியதும் அந்தப் பிள்ளையின் பெயர் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டது. ஏறாவிட்டால் தொடர்ந்து கொடுத்தார்கள், சுகாதாரப் பணியாளரிடம் காட்டினார்கள். கோட்டை அம்மாக்களிடம் காண்பித்துப் பேசினார்கள். கடுமையான ஊட்டக்குறைவு குறைந்தது. பல நாடுகளிலிருந்து வந்து பார்த்துப் படித்த திட்டம் அது.

அந்தத் தராசில் எந்த அதிசயமும் இல்லை. கொக்கியில் தொங்கவிடும் தூளிதான். திட்டத்தை நடத்தியவர்கள் அளப்பதையும் கொடுப்பதையும் ஒரே முடிச்சாகப் போட்டார்கள். எடை போடுகிறவரின் கைக்கு எட்டும் தூரத்தில் உருண்டை இருந்தது. அம்மா எண்ணோடு வீட்டுக்குப் போகவில்லை, உணவோடு போனார். வேறு பல இடங்களில், பின்னாளில், கொடுக்க ஒன்றும் இல்லாமல் எடை மட்டும் போட்டு அட்டையில் புள்ளி வைத்துக்கொண்டிருந்தார்கள். புள்ளியால் எந்தப் பிள்ளையும் தேறவில்லை.

உங்கள் தேர்வுக்கு அந்த உருண்டை எது? இந்தக் கேள்விக்கு விடை இல்லாமல் டேப்பை வாங்காதீர்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

'மாவட்ட மையத்துக்கு அனுப்புவோம்' என்பது விடை ஆகாது. மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு மையங்கள் தேவையானவை. 2013 முதல் நடக்கும் தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் பரிசோதனைக் குழுக்கள் எத்தனையோ பிள்ளைகளைக் கண்டுபிடித்து அங்கே அனுப்பியிருக்கின்றன. ஆனால் மலையடிவாரத்து ஊரிலிருந்து இரண்டு பேருந்து மாறி, ஒரு நாள் கூலியை விட்டு, கைப்பிள்ளையையும் தூக்கிக்கொண்டு வருகிற தாய் எத்தனை வாரம் தொடர்ந்து வருவார்? வராமல் போனவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அவர்களால் முடியவில்லை. நீங்கள் புதிதாக ஆயிரம் பிள்ளைகளைச் சிவப்புக் கட்டத்தில் காட்டினால், அவர்களில் பெரும்பாலோருக்கு உதவி ஊரிலேயே கிடைக்க வேண்டும்.

ஊரிலேயே கொடுக்க முடியும் என்பதற்கு நல்ல சான்று இருக்கிறது. ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரத்து ஏழைக் குடியிருப்புகளில் 1980-களில் சாலி கிரந்தம்-மெக்ரெகரும் குழுவினரும் வளர்ச்சி குன்றிய 129 பிள்ளைகளை எடுத்துக்கொண்டார்கள். அவர்களில் ஒரு பகுதியினரின் வீட்டுக்கு, வாரம் ஒரு மணி நேரம், இரண்டு ஆண்டு, ஒரு சுகாதாரப் பணியாளர் போனார். டப்பா, மூடி, துணி, அட்டை கொண்டு செய்த பொம்மைகளோடு விளையாடிக் காட்டினார். பிள்ளையோடு எப்படிப் பேசுவது என்று அம்மாவுக்குப் பழக்கினார். இருபது ஆண்டு கழித்துப் பார்த்தபோது, அந்தப் பிள்ளைகள் வளர்ந்து வாங்கிய சம்பளம், போகாத வீட்டுப் பிள்ளைகளைவிட 25 விழுக்காடு கூடுதலாக இருந்தது. அந்தப் பணியாளர்கள் பட்டம் பெற்ற நிபுணர்கள் அல்லர். நம் அங்கன்வாடிப் பணியாளருக்கு ஒரு நல்ல பயிற்சியும், வாரத்தில் சில மணி நேரமும், பதிவேற்றும் வேலையிலிருந்து விடுதலையும் கிடைத்தால் இதைச் செய்வார். காது வடியும் பிள்ளையை அந்த வாரமே வட்டார மருத்துவமனைக்கு அனுப்பச் சீட்டு எழுதும் அதிகாரமும் அவருக்கு வேண்டும்.

ஆகவே உங்கள் திட்டத்தின் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள்: எந்த முடிவு வந்தால், எந்த உதவி, யார் தருவது, எத்தனை நாளுக்குள். அதற்கான பணத்தை டேப்புக்கான பணத்துக்கு முன்னால் ஒதுக்குங்கள். அந்த ஏற்பாடு இல்லாத மையத்தில் தேர்வைத் தொடங்க வேண்டாம், தாமதமானால் பரவாயில்லை. முடிவு முதலில் போய்ச் சேர வேண்டியது பணியாளருக்கும் பெற்றோருக்கும். வண்ணக் கட்டமாகப் போகக் கூடாது, நிற்கும் இடத்தையும் அது பிசகக்கூடிய அளவையும் சொல்லி, இந்த வாரம் வீட்டில் செய்யக்கூடியதையும் சொல்லும் நான்கு எளிய தமிழ் வாக்கியங்களாகப் போகட்டும். மேலே, தலைமை அலுவலகத்துக்குப் பெயரில்லாத மொத்தக் கணக்கு போதும். மையத்துக்கு மையம் தரவரிசை போட்டால் என்ன நடக்கும் என்பது எல்லோரும் அறிந்தது: பிள்ளைக்குப் பதில் டீச்சரின் விரல் படத்தைத் தொடும். அவரை நான் குற்றம் சொல்ல மாட்டேன். குறைந்த எண்ணுக்கு விளக்கம் கேட்டு மெமோ வருமென்றால் வேறு என்ன செய்வார்?

பணியாளர் தன் கண்ணால் கண்டதை எழுதவும், கருவியின் முடிவு தவறு என்று தோன்றினால் அதைத் தள்ளிவைக்கவும் இடம் கொடுங்கள். காலையில், பிள்ளை விழிப்பாக இருக்கும் நேரத்தில் மட்டும் தேர்வு நடக்கட்டும். மதியச் சாப்பாடு முடிந்து பாய் விரிக்கும் நேரத்தில் இன்றைய இலக்கு என்று எந்தப் பிள்ளையையும் எழுப்பி உட்காரவைக்கக் கூடாது. பிள்ளை எழுந்து போனால் போகட்டும், நாளை பார்க்கலாம். எடை ஏறிய பிள்ளையின் பெயரை அன்று எடுத்தது போல, தேறிய பிள்ளையின் பெயரை நீங்களும் பட்டியலிலிருந்து எடுங்கள். மூன்று வயதில் ஒரு மழைநாளில் வாங்கிய எண் அவள் ஒன்றாம் வகுப்புக்கும் ஐந்தாம் வகுப்புக்கும் பின்னால் வரக் கூடாது. 2023-ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பிள்ளைகளின் தரவுக்குப் பெற்றோர் ஒப்புதலை அடிப்படையாக வைத்திருக்கிறது. அந்த ஒப்புதலை, என்ன, எதற்கு, எவ்வளவு காலம் என்று வாய்விட்டுச் சொல்லி வாங்குங்கள். வேண்டாம் என்று சொல்லும் வீட்டுப் பிள்ளைக்கும் அந்த உதவி கிடைக்க வேண்டும்.

இவற்றில் எதுவும் உங்கள் கணக்கைக் கெடுக்காது. நல்ல அளவீட்டாளர் எவரும் இவற்றை மறுக்க மாட்டார் என்றே நம்புகிறேன். உங்களில் சிலர் கூட்டங்களில் இதையே பேசுவதையும் கேட்டிருக்கிறேன். பேசியது கொள்முதல் ஆவணத்துக்கு வரும்போது காணாமல் போய்விடுகிறது. அங்கே எஞ்சுவது டேப்பின் அங்குல அளவும், பேட்டரித் திறனும், ஒரு பிள்ளைக்கு இத்தனை ரூபாய் என்ற விலையும்தான்.

அதனால் அந்த ஆவணத்திலேயே கை வையுங்கள். அடுத்த ஒப்பந்தப்புள்ளி வரைவில், தேர்வு முடிவு ஒவ்வொன்றுக்கும் உரிய உதவி ஏற்பாட்டையும் அதற்கான நிதியையும் முதல் நிபந்தனையாகச் சேருங்கள். சேர்க்கை வடிகட்டலுக்கும் மையங்களின் தரவரிசைக்கும் பயன்படுத்தக் கூடாது என்பதை இரண்டாவதாகச் சேருங்கள். வரைவைத் தமிழில் அச்சிட்டு அங்கன்வாடிப் பணியாளர் சங்கங்களுக்கும், சிறப்பாசிரியர்களுக்கும், மாற்றுத்திறன் பிள்ளைகளின் பெற்றோர் அமைப்புகளுக்கும் அனுப்பி, கருத்துச் சொல்ல ஒரு மாதமாவது அவகாசம் கொடுங்கள். எங்களிடமிருந்து பதில் வரும்.

அன்புடன்,
பேச்சுப் பயிற்சியாளர் ஒருவர்